சாட்சியத்தை அழிக்கலாமா?

சென்ற மாதம் ஒரு நாள் மஃரிப் தொழுகையை முடித்துவிட்டுத் திண்ணையில் அமர்ந்திருந்தேன். அடுத்த வீட்டு வாலிபர் வந்து ஸலாம் கூறினார். கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிப்பவர். முகம் வாடியிருந்தது. "என்ன தம்பி?" என்றதும் சட்டைப் பையிலிருந்து கைப்பேசியை எடுத்து என்னிடம் நீட்டினார்.

"சாச்சா, இத அழிச்சிரவா, வச்சிருக்கவா? உம்மா அழிக்கத்தான் சொல்றாங்க."

பார்த்தேன். பேருந்து நிலையத்தின் அருகே, பழ வண்டி தள்ளும் பையன் ஒருவனைக் காவலர் ஒருவர் தடியால் அடிக்கிறார். பையன் கீழே விழுந்த பிறகும் அடி நிற்கவில்லை. ஒரு நிமிடம் நாற்பது விநாடி ஓடுகிறது அந்தப் படம்.

விஷயம் அதோடு முடியவில்லை. வெளிநாட்டில் இருக்கும் தம்பியின் வாப்பா போனில், "அடுத்தவர் குறையை மறைப்பவரின் குறையை அல்லாஹ் மறைப்பான், அதைப் பெரிதாக்காதே" என்று சொல்லியிருக்கிறார். தம்பியின் மச்சானோ அந்தப் படத்தை வாங்கி, முதல் பத்து விநாடிகளை வெட்டிவிட்டு, "முஸ்லிம் சிறுவன் மீது கொடூரத் தாக்குதல்" என்று மேலே எழுதி நாலைந்து வாட்ஸ்அப் குழுக்களுக்கு அனுப்பிவிட்டார். வெட்டப்பட்ட அந்தப் பத்து விநாடிகளில் பையன் காவலரின் கையைத் தட்டிவிடுகிறான். அது இருந்தால் பையன்மேல் பழி வரும் என்பது மச்சானின் எண்ணம். பையன் எந்தச் சமுதாயத்தைச் சேர்ந்தவன் என்று அவர் யாரிடமும் விசாரிக்கவில்லை.

ஆக, ஒரே வீட்டில் மூன்று தீர்ப்புகள். பயந்து அழிப்பது, பண்பென்று மறைப்பது, வெட்டிப் பரப்புவது. மூன்றையும் சொன்னவர்கள் நல்லவர்கள்தாம். அதனால்தான் இதைப் பற்றி எழுத வேண்டியிருக்கிறது.

படம் பிடிப்பதே கூடுமா என்ற பழைய விவாதத்துக்குள் நான் நுழையவில்லை. ஹஜ்ஜுக்கு விண்ணப்பம் போடும்போதே அதற்கு நாம் எல்லோரும் விடை சொல்லியாயிற்று.

முதலில் உம்மாவின் பயத்தை எடுத்துக்கொள்வோம். அதைப் பார்த்துச் சிரிப்பவன் பிள்ளை பெறாதவன். ஆனால் அந்தப் பயத்துக்கு எல்லோரும் இணங்கியிருந்தால் உலகம் எதை நம்பியிருக்கும்? அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரில் 2020 மே 25 அன்று ஜார்ஜ் ஃபிளாய்ட் என்ற கறுப்பினத்தவர் காவலர்களின் பிடியில் இறந்தார். அன்றிரவு காவல்துறை வெளியிட்ட முதல் அறிக்கை, கைதின்போது அவருக்கு உடல்நலக் குறைவு ஏற்பட்டு இறந்ததாகத்தான் கூறிற்று. கழுத்தின்மீது ஒரு காவலரின் முழங்கால் இருந்ததைப் பற்றி அதில் ஒரு சொல் இல்லை. தெருவில் நின்ற டார்னெல்லா ஃப்ரேசியர் என்ற 17 வயதுப் பெண் தன் கைப்பேசியில் எடுத்து வெளியிட்ட படம்தான் அந்த அறிக்கையைப் பொய்யாக்கியது. முழங்கால் 9 நிமிடம் 29 விநாடி அழுத்தியது என்று நீதிமன்றத்தில் அரசுத் தரப்பு எடுத்துக் காட்டியது. 2021 ஏப்ரலில் அந்தக் காவலர் கொலைக் குற்றவாளி எனத் தீர்ப்பாயிற்று. அந்தப் பெண்ணும் அப்போது பயந்துதான் போயிருப்பாள். ஆனால் படத்தை அழித்துவிடவில்லை.

கண்ட சாட்சியத்தை மறைப்பவரின் இதயம் பாவத்துக்குள்ளாகிறது என்ற எச்சரிக்கை சூரத்துல் பகராவில், கடன் பற்றிய வசனங்களின் தொடர்ச்சியாக வருகிறது. கொடுக்கல் வாங்கலுக்கே அப்படியென்றால், ஓர் உயிரின் விஷயத்தில் என்ன சொல்வது?

அடுத்து வாப்பாவின் வாதம். இதுதான் கனமானது. குறைகளை மறைப்பதும், துருவித் துருவி ஆராயாமல் இருப்பதும் நமக்குக் கற்பிக்கப்பட்ட ஒழுக்கங்கள். சூரத்துல் ஹுஜுராத் துருவி ஆராய்வதைத் தடுக்கிறது. ஆனால் எந்தக் குறையை மறைக்கச் சொன்னார்கள்? ஒருவன் தனக்கும் தன் இறைவனுக்கும் இடையே செய்துகொண்ட தவற்றை. நடுத் தெருவில், அரசாங்கம் தந்த சீருடையோடும் தடியோடும் மற்றொருவன் மேல் இறங்கும் அடி அந்தக் கணக்கில் சேராது. அதில் உரிமை இழந்தவன் ஒருவன் இருக்கிறான். அவன் சார்பில் மறைக்கவோ மன்னிக்கவோ நாம் யார்? தீமையைப் பகிரங்கமாகப் பேசுவதை அல்லாஹ் விரும்புவதில்லை என்று சொல்லும் சூரத்துன்னிஸாவின் வசனமே அநீதி இழைக்கப்பட்டவனுக்கு விதிவிலக்கு அளிக்கிறது. புறம் பேச அனுமதி உள்ள ஆறு சந்தர்ப்பங்களை இமாம் நவவி (ரஹ்) அவர்கள் எண்ணும்போது, அநீதிக்கு ஆளானவன் அதிகாரமுடையவரிடம் முறையிடுவதையே முதலாவதாக வைத்தார்கள்.

இன்னொன்றையும் வாப்பா மறந்துவிட்டார். "இன்னார் பொய்யர், இன்னார் மறதிக்காரர், இன்னார் முதுமையில் குழம்பிவிட்டார்" என்று அறிவிப்பாளர்களின் குறைகளைப் பெயர் சொல்லி எழுதி வைத்த கலை நம்மிடமே உண்டு. ஹதீஸ் கலை அறிஞர்கள் அதைப் புறம் பேசுதல் என்று தள்ளவில்லை, கடமை என்று செய்தார்கள்.

"மறைத்தல்" என்ற பெயரில் ஓர் அரசாங்கம் என்ன செய்யும் என்பதற்கு சிகாகோ நகரம் சாட்சி. 2014 அக்டோபர் 20 அன்று லக்வான் மெக்டொனால்ட் என்ற 17 வயதுப் பையனை ஒரு காவலர் 16 முறை சுட்டார். பையன் கத்தியோடு தாக்க வந்ததாகக் காவலர்கள் எழுதி வைத்தார்கள். காவல் வண்டியின் முன்புறக் கேமராவோ அவன் விலகி நடந்து செல்வதையும், விழுந்த பிறகும் குண்டுகள் பாய்வதையும் பதிவு செய்திருந்தது. அந்தப் பதிவு அரசாங்கத்தின் கையில் பத்திரமாக இருந்தது. அதைப் பார்த்துவிட்டுத்தானோ என்னவோ, வழக்கு தொடரும் முன்பே நகர மன்றம் குடும்பத்துக்கு 50 லட்சம் டாலர் கொடுக்க ஒப்புக்கொண்டது. ஆனாலும் ஊருக்குக் காட்டவில்லை. பத்திரிகையாளர் ஒருவர் தகவல் உரிமைச் சட்டப்படி கேட்டு, மறுக்கப்பட்டு, நீதிமன்றம் போன பிறகு, நீதிபதியின் உத்தரவால் 2015 நவம்பர் 24 அன்று அது வெளியாயிற்று. பதின்மூன்று மாதங்கள்! சுட்டவர்மீது கொலைக் குற்றம் சாட்டப்பட்டதும் அதே நாளில்தான். 2018இல் அவர் குற்றவாளி என்று தீர்ப்பாயிற்று.

அதற்குப் பின் அந்நகரில் விதி மாறிற்று. காவலர் சுட்ட நிகழ்ச்சிகளின் பதிவுகளைப் பொதுவாக 60 நாட்களுக்குள் பொதுமக்கள் பார்க்கும்படி வெளியிட வேண்டும் என்று 2016இல் முறை வகுத்தார்கள். காவலர்களின் செயல்களை விசாரிக்கும் தனி அமைப்பு ஒன்று அந்தப் பதிவுகளைத் தன் இணையத் தளத்தில் வைக்கிறது. எவரும் போய்ப் பார்க்கலாம்.

இந்த இடத்தில் இரண்டு விஷயங்களை மறைக்காமல் சொல்லியாக வேண்டும். அந்தப் பையன் கையில் உண்மையிலேயே சிறு கத்தி ஒன்று இருந்தது. படத்தில் அதுவும் தெரிகிறது. அதை விட்டுவிட்டுக் கதை சொல்பவன் மச்சானின் கட்சி. மற்றொன்று மனத்தைக் கலக்குவது. அந்தப் படம் வெளிவராமல் இருப்பதையே குடும்பத்தார் விரும்பினார்கள். பெற்ற பிள்ளை சுருண்டு விழுவதை உலகம் திரும்பத் திரும்பப் பார்ப்பதை எந்தத் தாய் விரும்புவாள்? உண்மை தெரிய வேண்டிய ஊரின் உரிமை ஒருபுறம், இறந்தவனின் கண்ணியம் மறுபுறம். மய்யித்தின் எலும்பை உடைப்பதுகூடப் பாவம் என்று கற்ற நாம் இதை எளிதாகத் தள்ளிவிட முடியாது. இதற்குப் பிறகு வருகிறேன்.

இனி மச்சான். இவரைப் போன்றவர்களுக்காகத்தான் நம் முன்னோர் ஒரு கலையையே உருவாக்கினார்கள் என்று எனக்குத் தோன்றுவதுண்டு. ஒரு ஹதீஸை எடுத்தால் இரண்டு பகுதிகள் உண்டு. ஒன்று, செய்தி. மற்றொன்று, அந்தச் செய்தி யாரிடமிருந்து யாருக்கு, எவர் வழியாக வந்தது என்ற இஸ்னாத். செய்தி எவ்வளவு அழகாயிருந்தாலும் சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்திருந்தால் 'முன்கதிஃ' என்று ஒதுக்கி வைத்தார்கள். இன்று நம் கைப்பேசிக்கு வரும் படங்களில் முக்கால்வாசி முன்கதிஃதான். எடுத்தவர் யார், எங்கே, எப்போது, நமக்கு முன் யார் கையில் இருந்தது என்று எவருக்கும் தெரியாது.

அறிவிப்பாளர் தம் சொந்தச் சொல்லை நபிமொழியோடு கலந்துவிட்டால் அதற்கு 'முத்ரஜ்' என்று பெயர். படத்தின் மேலே மச்சான் எழுதிய வாசகம் முத்ரஜ் இல்லாமல் வேறென்ன? ஒன்றின் இஸ்னாத்தை மற்றொன்றுக்கு மாற்றிப் பொருத்தினால் 'மக்லூப்'. எங்கோ வேற்று நாட்டில் எப்போதோ எடுத்த உண்மையான படத்தை, "நேற்று நம் ஊரில் நடந்தது" என்று அனுப்புகிறார்களே, அது மக்லூப். படம் பொய்யல்ல, ஆனால் செய்தி பொய். இமாம் புகாரி (ரஹ்) அவர்கள் பக்தாத் வந்தபோது, அங்குள்ள அறிஞர்கள் நூறு ஹதீஸ்களின் இஸ்னாதுகளை மாற்றிக் கோத்து, பத்துப் பேரிடம் பத்துப் பத்தாகக் கொடுத்து அவர்கள் முன் வாசிக்கச் செய்ததாக வரலாறு கூறுகிறது. இமாம் அவர்கள் ஒவ்வொன்றுக்கும் "இதை அறியேன்" என்றார்களாம். எல்லோரும் வாசித்து முடித்த பின், நூறையும் அதனதன் இடத்தில் திருப்பிப் பொருத்திச் சொன்னார்களாம். "அறியேன்" என்ற அந்தச் சொல் நம் குழுக்களில் எத்தனை முறை கேட்கிறது?

படங்களைச் சேகரித்துச் சரிபார்ப்பவர்கள் இன்று செய்யும் வேலையும் ஏறத்தாழ இதுதான். 2020இல் ஃபிளாய்ட் இறந்த பிறகு நடந்த ஆர்ப்பாட்டங்களில் காவலர்கள் தாக்கிய படங்கள் நூற்றுக்கணக்கில் இணையத்தில் வந்தபோது, முகம் தெரியாத தன்னார்வலர்கள் அவற்றை ஊர் வாரியாக, தேதி வாரியாக அடுக்கினார்கள். முதலில் வெளியிட்டவர் யார் என்று தேடினார்கள். போட்டவரே நீக்கிவிடலாம், தளத்தாரே நீக்கிவிடலாம் என்பதால் பிரதிகள் எடுத்து வைத்தார்கள். இத்தகைய வேலையில் பின்னணியிலுள்ள கட்டிடத்தையும் பெயர்ப்பலகையையும் பார்ப்பார்கள். நிழல் எந்தப் பக்கம் விழுகிறது, அன்று அந்த ஊரில் மழையா வெயிலா என்று பார்ப்பார்கள். ஒருவரையொருவர் அறியாத நாலு பேர் நாலு மூலையிலிருந்து எடுத்த படங்கள் ஒத்துப்போனால் அது முதவாத்திர் அளவுக்கு இல்லாவிட்டாலும் அதன் பக்கத்தில் வந்துவிடுகிறது. ஃபிளாய்ட் வழக்கிலும் அந்தப் பெண்ணின் படம் தனித்து நிற்கவில்லை. கடையின் கேமரா, சாலைக் கேமரா, காவலர்கள் மார்பில் அணிந்திருந்த கேமரா எல்லாம் நீதிமன்றத்தில் வரிசையாகக் காட்டப்பட்டன.

வெட்டுவதால் என்ன கேடு வரும் என்பதற்கு இன்னும் பழைய சான்று ஒன்று உண்டு. 1991 மார்ச் 3 அன்று லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் ராட்னி கிங் என்பவரைக் காவலர்கள் அடித்ததை, பக்கத்துக் குடியிருப்பில் இருந்த ஜார்ஜ் ஹாலிடே தம் வீட்டு வீடியோ கேமராவில் எடுத்தார். தொலைக்காட்சியில் அதை ஒளிபரப்பியபோது மங்கலாயிருந்த தொடக்கப் பகுதி நீக்கப்பட்டது. அந்தப் பகுதியில் கிங் எழுந்து ஒரு காவலர் இருந்த திசையில் பாய்வது தெரிந்தது. நாடு முழுவதும் வெட்டிய படத்தைப் பார்த்திருந்தது, ஜூரிகளோ முழுப் படத்தைப் பார்த்தார்கள். எதிர்த்தரப்பு வழக்கறிஞர்கள் அந்தச் சில விநாடிகளைப் பெரிதாக எடுத்துக்காட்டி, மீதியையும் அசைவு அசைவாக நிறுத்தி விளக்கம் சொன்னார்கள். 1992 ஏப்ரல் 29 அன்று காவலர்கள் அநேகமாக எல்லாக் குற்றச்சாட்டுகளிலிருந்தும் விடுவிக்கப்பட்டார்கள். நகரம் பற்றி எரிந்தது. அந்தத் தீர்ப்பு நீதியானது என்று நான் கூறவில்லை. பிறகு மத்திய நீதிமன்றம் அவர்களில் இருவரைத் தண்டித்தது. விழுந்தவனை ஐம்பது தடவைக்கு மேல் அடித்ததற்கு அவன் முதலில் பாய்ந்தது பதிலாகாது. ஆனால் அந்தப் பதிலை அவர்கள் கையில் எடுத்துக் கொடுத்தது வெட்டிய படமல்லவா? பேருந்து நிலையப் பையன் கையைத் தட்டிவிட்டதும் அப்படித்தான். முழுதாகப் பார்த்தாலும் காவலர் செய்தது குற்றமே. வெட்டியதால் இப்போது அந்தக் குற்றத்தின்மேல் சந்தேகத்தின் நிழல் விழுந்துவிட்டது.

இதெல்லாம் அந்நிய நாட்டுக் கதை என்று எவரும் எண்ண வேண்டாம். 2020 ஜூன் 19 அன்று சாத்தான்குளத்தில் காவல் நிலையத்துக்குக் கொண்டு செல்லப்பட்ட வணிகர் ஜெயராஜும் அவர் மகன் பென்னிக்ஸும் நான்கு நாட்களுக்குள் இறந்து போனார்கள். தரையில் உருண்டு புரண்டு காயப்பட்டதாக முதல் தகவல் அறிக்கை சொல்லிற்று. அந்தத் தெருக் கடைக் கேமராவின் பதிவு வெளியாகி அதை மறுத்தது. காவல் நிலையத்துக்குள் கேமராக்கள் இருந்தன, பதிவைச் சேமிக்க 1 டெராபைட் இடமும் இருந்தது. ஆனாலும் ஒவ்வொரு நாள் பதிவும் தானாகவே அழிந்துபோகும்படி அமைக்கப்பட்டிருந்ததை விசாரணைக்குச் சென்ற மாஜிஸ்திரேட் கண்டு உயர் நீதிமன்றத்துக்கு எழுதினார். ஓர் உண்மையை அழிக்க யாரும் கை வைக்கக்கூட வேண்டியதில்லை, கருவியை அப்படித் திருப்பி வைத்தால் போதும்.

அதே ஆண்டு டிசம்பர் 2 அன்று உச்ச நீதிமன்றம், பஞ்சாபிலிருந்து வந்த வேறொரு வழக்கில், நாடெங்கும் எல்லாக் காவல் நிலையங்களிலும் ஒலியும் ஒளியும் பதிவாகும் கேமராக்கள் வைக்க வேண்டும், பதிவுகளை 18 மாதம் பாதுகாக்க வேண்டும், அது இயலாத இடத்திலும் ஓராண்டுக்குக் குறையக் கூடாது என்று உத்தரவிட்டது. தமக்குத் தீங்கு நேர்ந்தால் அந்தப் பதிவைப் பாதுகாக்கச் செய்யும் உரிமை பாதிக்கப்பட்டவருக்கு உண்டு என்று நிலையத்தின் வாயிலில் மக்கள் மொழியில் எழுதி வைக்கவும் சொன்னது. நம் ஜமாஅத்துகளில் எத்தனை பேர் இதை அறிவோம்? தெரிந்து வைத்திருப்பது நல்லது. நிலையத்துக்குப் போன மகன் காயத்தோடு திரும்பினால், அழுதுகொண்டிருக்கும் நேரத்திலேயே, "அந்த நாள் பதிவை அழிக்காமல் வையுங்கள்" என்று எழுத்து மூலம் கேட்க வேண்டியிருக்கும்.

அன்றிரவு தம்பியிடம் நான் சொன்னவை நடைமுறை விஷயங்கள்தாம். அழிக்காதே, வெட்டாதே. வாட்ஸ்அப்பில் அனுப்பிய பிரதி சுருக்கப்பட்டுவிடும், எடுத்த நேரம் இடம் பற்றிய குறிப்புகள் அதில் உதிர்ந்துவிடும். ஆகவே கைப்பேசியில் இருப்பதுதான் மூலம். அதைக் கம்பி மூலம் அப்படியே இரண்டு இடங்களில் பிரதி எடு. ஒரு தாளில் நாள், மணி, நீ நின்ற இடம், படம் எடுக்கத் தொடங்குமுன் கண்டது, பக்கத்தில் நின்றவர்கள் ஆகியவற்றை மறக்குமுன் எழுதிக் கையெழுத்திடு. காணாததை எழுதாதே. பிறகு இருவரும் வழக்கறிஞர் ஒருவரிடம் போனோம். அவர் ஹேஷ் என்ற ஒன்றைப் பற்றிச் சொன்னார். ஒரு பதிவு முழுவதையும் கணக்கிட்டு எழுத்தும் எண்ணுமாக ஒரு சிறு வரிசை எடுக்கிறார்கள். படத்தில் ஒரு புள்ளி மாறினாலும் அந்த வரிசை முற்றிலும் மாறிவிடும். பழைய காலத்தில் கடிதத்தின்மேல் அரக்கு முத்திரை வைப்பார்களே, அது போல. 2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள புதிய சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவுப்படி மின்னணுப் பதிவோடு தரும் சான்றிதழில் இந்த வரிசையையும் குறிப்பிட வேண்டுமாம். இஸ்னாத் இல்லாமல் சாட்சியம் இல்லை என்பதை இப்போது சட்டமும் வேறு பாஷையில் சொல்கிறது என்று எண்ணிக்கொண்டேன்.

இனி, பிறகு வருகிறேன் என்று சொன்ன விஷயம். வைத்திருப்பது வேறு, காட்டுவது வேறு என்பது என் எண்ணம். முழுதாக, மாற்றமின்றி வைத்திருப்பது கண்டவன்மீது கடமை. அது அமானத். யாருக்கு, எவ்வளவு காட்டுவது என்பதில் அடிபட்டவனுக்கும் அவன் வீட்டாருக்கும் முதல் சொல் உண்டு. கடைசிச் சொல்லும் அவர்களுடையதுதானா என்றால், அங்கே தயங்குகிறேன். சிகாகோவில் குடும்பத்தின் விருப்பப்படியே விட்டிருந்தால் காவலர்களின் பொய் அறிக்கைதான் வரலாறாக நின்றிருக்கும், அடுத்த பையனும் விழுந்திருப்பான். இதற்கு நேர்மாறாகவும் நடந்திருக்கிறது. சிரியாவில் இராணுவக் காவல்துறையின் புகைப்படக்காரர் ஒருவர், சிறைகளில் இறந்தவர்களின் படங்கள் உட்பட 53,275 படங்களை 2013இல் வெளியே கடத்திக் கொண்டுவந்தார். அவை வெளியிடப்பட்டபோது, காணாமற்போன தம் பிள்ளைகளின் முகத்தை அவற்றில் தேடிய பெற்றோர்கள் உண்டு. காட்டாதே என்று கதறும் தாயும் இருக்கிறாள், காட்டமாட்டாயா என்று கதறும் தாயும் இருக்கிறாள். ஒரே பத்வாவில் இருவருக்கும் பதில் சொல்ல என்னால் இயலவில்லை. பொய்யை முறியடிக்கத் தேவையான அளவுக்கு, கேட்டு அறிந்து, முகத்தையும் உடலையும் இயன்றவரை மறைத்துக் காட்டுவது என்பது வரைதான் எனக்குத் தெளிகிறது. அதற்கு மேல் அறிஞர் பெருமக்கள் எழுத வேண்டும்.

மறுநாள் அந்தப் பையனைத் தேடிப் போனோம். கடற்கரைக் குப்பத்துப் பையன். நம் சமுதாயத்தைச் சேர்ந்தவன் அல்லன். தோளில் கட்டுப் போட்டிருந்தான். அவன் தாயிடம் படத்தைப் பற்றிச் சொன்னோம். அந்த அம்மாள் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "ஐயா, கோர்ட்டுல காட்டுங்க, கலெக்டர்கிட்ட காட்டுங்க. தெருவுல காட்டாதீங்க. அவன் அழுவறத எல்லாரும் பாத்துட்டாங்கன்னு வெளிய வரமாட்டேங்கிறான்" என்றார்.

தம்பியின் உம்மாவிடம் இதைச் சொன்னதும், அவர் எழுந்து போய் வீட்டுப் பத்திரம் வைக்கும் தகரப் பெட்டியைத் திறந்து, பிரதி ஒன்றை அதில் வைக்கச் சொன்னார். மச்சான் தம் குழுக்களிலிருந்து படத்தை நீக்கிவிட்டார். அதற்குள் அது எத்தனை பேர் கைக்குப் போயிருக்கும் என்று கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை.